அந்தச் சொல் எனக்குத் தெரியாது

புளியரை எடைமேடையில்
பகல் அவருக்கு, இரவு எனக்கு.
பத்து மணிக்கு மேல் வைக்கோல் லாரிகள்,
ஒரு மணிக்கு எம்-சாண்ட்,
மூன்று மணிக்கு யாருமில்லை.

அந்த மூன்று மணிக்காக ஒரு விளையாட்டு எழுதினேன்.
படம் கிடையாது, இசை கிடையாது.
கறுப்புத் திரை, பச்சை எழுத்து,
கடைசியில் துடித்துக்கொண்டிருக்கும் ஒரு சின்னக் கட்டம்.

    நீ ஓர் அறையில் இருக்கிறாய்.
    மேசைமேல் டார்ச் உண்டு.
    மேற்கே ஒரு கதவு.
    வெளியே மழைச் சத்தம்.

டார்ச் என்ன நிறம் என்று சொல்லவில்லை.
சுவரில் சுண்ணாம்பா பெயின்ட்டா, அதையும் சொல்லவில்லை.
சோம்பல்தான், வேறு காரணமில்லை.
சொல்லாமல் விட்ட இடத்தில்
ஆட்கள் குடியேறிவிடுவார்கள் என்று
அப்போது தெரியாது.

எஸ் வளைவில் டயர் போன ஒரு ராத்திரி
தென்மலை ஜோபிஷ் உள்ளே வந்து உட்கார்ந்தான்.
அவனுக்குத் தமிழ் எழுத்து பஸ் போர்டு அளவுக்கு.
நான் வாசிக்க, அவன் சொல்ல, நான் தட்டினேன்.
"கதவு துற."
அப்படியே அடித்தால் கதவைத் துறந்துவிட நேரும்.
திற என்று திருத்தினேன்.

    கதவு பூட்டியிருக்கிறது.

"ஜன்னல் உண்டோ?"
நான் ஜன்னல் வைக்கவில்லை.
"இருக்கணும்," என்றான். "மழ கேக்குன்னுண்டல்லோ."

கொஞ்ச நேரம் திரையையே பார்த்துவிட்டு
"சரி, உறங்கு" என்றான்.

    அந்தச் சொல் எனக்குத் தெரியாது.

வெட்கமாகப் போயிற்று.
என் அம்மா ஒரு நாளும் என்னைத் தூங்கச் சொன்னதில்லை,
உறங்கத்தான் சொன்னாள்.
பாடப்புத்தகம் பார்த்து எழுதியவள்போல
தூங்கு என்று மட்டும் சொல்லிக்கொடுத்திருந்தேன்.

மறுநாள் ஒரு ஜன்னல் வைத்தேன்.
உறங்கு சேர்த்தேன்.

அப்புறம் லாரிக்கு ஒரு சொல்லாக ஏறிற்று.
இருட்டில் ஒருவன் தப்பு என்றான்.
விளையாட்டு அவனை ஓடச் சொன்னது.
அவன் கேட்டதோ
கையால் தடவித் தேட.
நெல்லூர் அரிசி கொண்டுவந்த ரமணய்யா
ஆகு என்றார்.
அவர் ஊரில் அதற்கு நில் என்று பொருளாம்.

    என்ன ஆக வேண்டும்?

என்று திருப்பிக் கேட்டது திரை.
அதை அவருக்குப் படித்துச் சொன்னேன்.
சிரித்தார், பிறகு சிரிக்கவில்லை.
அந்த ஒன்றை மட்டும் நான் திருத்தவில்லை.

கிளீனர் அன்சிலுக்கு இதெல்லாம் ஆகாது.
அவன் போனில் வேறொரு விளையாட்டு,
அதிலும் லாரி, அதிலும் மலை, அதிலும் மழை.
கண்ணாடியில் விழும் துளி வழிகிற அழகு
நிஜ மழைக்குக்கூட வராது.
என்னுடையதைப் பத்து நிமிஷம் ஆடிவிட்டு
"இருட்டாவே இருக்குக்கா" என்று போய்விட்டான்.

ஒன்பது நாள் கழித்து வந்தான்.
இறங்குமுன்பே கத்தினான்:
"அக்கா, சாவி கிடைச்சிருச்சு!"
எந்தச் சாவி?
"மேற்குக் கதவுச் சாவி. ஆரியங்காவு ஏத்தத்துல
வண்டி ஊர்ந்துச்சா, யோசிச்சுக்கிட்டே வந்தேன்.
ஜன்னல் படியில, வெளிப்பக்கம்.
கையை நீட்டினா நனையும்,
அதான் எவனும் தேடலை."

சாவி என்று ஒன்றை
நான் எங்கேயும் வைத்திருக்கவில்லை.
கதவுக்கு அப்பால் எதையும் எழுதவில்லை.

வண்டியை மேடையில் ஏற்றச் சொன்னேன்.
எடை போட்டு, சீட்டு கிழித்து,
அவன் டீ குடித்து வருவதற்குள்
ஜன்னல் படியில் ஒரு சாவி வைத்தேன்.
துருப்பிடித்தது என்று எழுதி
பிறகு அதை அழித்தேன்.

வந்தான். உட்கார்ந்தான். ஒற்றை விரலால்
தானே தட்டினான்.

    கதவு திறந்துகொண்டது.

    > மேற்கே போ

பின்னால் வைக்கோல் லாரி ஹாரன் அடிக்கிறது.
கட்டம் துடிக்கிறது.
அன்சில் என்னைப் பார்க்கவில்லை,
திரையைத்தான் பார்க்கிறான்,
அங்கே ஏற்கெனவே என்னவோ தெரிவதுபோல.